சந்திராதித்தவல்: நெடுங்காலத்துக்கு அப்பால் வாழ்வோர்க்கு நாம் கடன்பட்டுள்ளோமா?

தமிழ்க் கல்வெட்டுகளைப் படித்துப் பழகியோர் ஒரு சொல்லை அடிக்கடி எதிர்கொண்டிருப்பர். நிலக்கொடையாயினும், கோயில் விளக்காயினும், குளமாயினும், அந்த அறம் எத்துணைக் காலம் நடைபெற வேண்டும் என்பதைக் குறிக்கும் இடத்தில் ‘சந்திராதித்தவல்’ என்று பொறித்துள்ளனர். சந்திரனும் ஆதித்தனும் உள்ளவரை என்பது அதன் பொருள். இது வெறும் வாய்பாடு என்று ஒதுக்குவாரும் உண்டு. பத்திரம் எழுதுவோர் பழக்கத்தால் எழுதும் சொற்களைப் போல இதுவும் கல்தச்சரின் கைப்பழக்கம் என்பர். அது ஓரளவு உண்மையே. எனினும், வாய்பாடும் ஒரு காலத்தில் எவரோ எண்ணிப் பார்த்து வைத்ததுதான். ஆயிரம் ஆண்டுகளுக்கு முன் வாழ்ந்த ஒருவர், தம் பேரன் காலத்துக்கு மட்டுமன்றி, நிலவும் கதிரவனும் நிலைத்திருக்கும் காலம் முழுமைக்கும் ஓர் ஏற்பாட்டைச் செய்ய முயன்றார் என்பது நின்று நோக்கத்தக்க செய்தியாகும்.

இன்று வாழும் நாம் புவியின் தொலைதூர எதிர்காலத்தைப் பற்றிக் கவலைகொள்ள வேண்டுமா என்பதே இவ்வுரையில் நாம் எடுத்துக்கொண்ட வினா. தொலைதூரம் என்று நாம் சொல்வது நம் பிள்ளைகளின் காலத்தை அன்று; பேரப்பிள்ளைகளின் காலத்தையும் அன்று. ஆயிரம், பதினாயிரம், அதற்கும் அப்பாற்பட்ட ஆண்டுகளையே குறிக்கிறோம். அக்காலத்தில் வாழ்வோரின் பெயரையும் மொழியையும் நாம் அறியோம். வானியலார் இன்னும் நெடுந்தொலைவு நோக்குவர். ஏறத்தாழ 100 கோடி ஆண்டுகளில் கதிரவனின் ஒளி மிகுந்து புவியின் கடல்கள் வற்றத் தொடங்கும் என்றும், 500 கோடி ஆண்டுகளில் கதிரவனே தன் எரிபொருள் தீர்ந்து உருமாறும் என்றும் கணித்துள்ளனர். இதைக் கேட்டு இன்றிரவு உறக்கம் கெடுவார் எவரும் இலர். அவ்வளவு பெரிய எண் மனத்தில் ஒட்டுவதில்லை. ஆகவே விண்ணிலிருந்து தொடங்காமல், தஞ்சையில் இருந்த ஓர் ஆட்டுமந்தையிலிருந்து தொடங்குவோம்.

சாவாத ஆடுகள்

முதலாம் இராசராசன் எடுப்பித்த தஞ்சைப் பெரிய கோயிலின் கல்வெட்டுகளில் நந்தா விளக்குகளுக்கு விடப்பட்ட கொடைகள் விரிவாகக் குறிக்கப்பட்டுள்ளன. ஒரு விளக்குக்கு 96 ஆடுகள். அவற்றைப் பெற்றுக்கொண்ட இடையர் நாள்தோறும் ஓர் உழக்கு நெய், அதாவது கால் நாழி நெய், கோயிலுக்கு அளக்க வேண்டும். இந்த ஆடுகளைக் கல்வெட்டுகள் ‘சாவா மூவாப் பேராடு’ என்று குறிப்பிடுகின்றன. சாகாத, மூப்படையாத ஆடுகள் என்பது பொருள். ஆடு சாகும், மூப்படையும் என்பதை அறியாதவர்கள் அல்லர் அவர்கள். ஒரு கிழ ஆடு இறந்தால் ஓர் இளங்குட்டி அதன் இடத்தை நிரப்பும். மந்தையின் எண்ணிக்கை 96 ஆகவே இருக்கும். தனி ஆட்டுக்கு இறப்பு உண்டு, மந்தைக்கு இல்லை.

நாம் இதனை ஒரு பொறியியல் நுட்பமாகவே கருதுகிறோம். கொடையாளி ஒரு பெரிய குடம் நிறைய நெய்யைக் கொடுத்துவிட்டுப் போயிருக்கலாம். அந்த நெய் சில மாதங்களில் தீர்ந்திருக்கும். பொன்னைக் கொடுத்திருந்தால் அது களவு போயிருக்கலாம். அவர் கொடுத்ததோ தன்னைத் தானே புதுப்பித்துக்கொள்ளும் ஒரு முதல். அதனுடன் அதைப் பேணுவதற்கு ஒரு மனிதர். அந்த மனிதர் தவறினால் கேட்பதற்கு அவருடைய உறவினர். இடையரின் பெயரும் அவருக்குப் பொறுப்பேற்ற உறவினர் பெயரும் கல்லில் வெட்டப்பட்டுள்ளன. ‘சந்திராதித்தவல்’ என்னும் பெருஞ்சொல்லுக்கு அடியில் இவ்வளவு சிறிய, இவ்வளவு திட்டவட்டமான ஏற்பாடு இருந்தது.

உத்தரமேரூரில் இதே அறிவு வேறொரு வடிவில் காணப்படுகிறது. முதலாம் பராந்தகன் காலத்தில், 919, 921 ஆம் ஆண்டுகளில் வெட்டப்பட்ட இரு கல்வெட்டுகள் குடவோலை முறையை விளக்குவதால் மாணவர் அனைவரும் அவற்றை அறிவர். தேர்தல் முறையைப் பற்றி மட்டுமே பாடநூல்கள் பேசுகின்றன. ஏரி வாரியத்தின் அமைப்பைப் பற்றி அதிகம் பேசுவதில்லை. அவ்வாரியத்துக்கு ஆறு பேர். பதவிக்காலம் 360 நாள். முந்தைய மூன்று ஆண்டுகளில் வாரியத்தில் இருந்தவர் மீண்டும் வர இயலாது. கணக்குக் காட்டாதவரும் அவருடைய நெருங்கிய உறவினரும் குடவோலையில் பெயர் எழுதப்படும் தகுதியை இழந்தனர். பல நூற்றாண்டுகள் நிற்க வேண்டிய ஏரியை எந்த மனிதர் கையிலும் ஓராண்டுக்கு மேல் அவர்கள் விட்டுவைக்கவில்லை. நெடுங்காலத்தைக் குறுகிய தவணைகளாகப் பிரித்து, ஒவ்வொரு தவணையின் இறுதியிலும் கணக்கு ஒப்படைக்கச் செய்தனர்.

இனி, இதன் மறுபக்கத்தையும் சொல்லிவிட வேண்டும். தஞ்சையில் அந்த மந்தைகள் இன்று இல்லை. 13ஆம் நூற்றாண்டில் சோழர் ஆட்சி முடிந்தது. நாணயம் மாறியது, அளவை மாறியது, நில உரிமை மாறியது. நிலவும் கதிரவனும் அப்படியே இருக்கின்றன, ஏற்பாடுதான் நிலைக்கவில்லை. ‘ஆயிரம் ஆண்டுகூட நிற்காத வாக்குறுதியை ஏன் கொடுக்க வேண்டும்? எட்டாத காலத்தை எண்ணுவது வீண் அன்றோ?’ என்று கேட்போர்க்கு இது வலுவான சான்றாகும்.

ஆயினும் இங்கே ஒரு வேறுபாட்டைக் கவனிக்க வேண்டும். சோழர் காலத்தவர் வருங்காலத்துக்கு விட்டுச் சென்றது கொடை. கொடை நின்றுபோனால் ஒரு விளக்கு அணையும். எவருக்கும் தீங்கு இல்லை. நம் காலத்தவர் விட்டுச் செல்வனவற்றுள் சில அத்தகையன அல்ல. இதற்கு நாம் நெடுந்தொலைவு செல்ல வேண்டியதில்லை. ஈப்போ நகரின் அருகிலேயே சான்று உண்டு.

புக்கிட் மேராவின் மண்

பேராக் மாநிலத்தின் கிந்தாப் பள்ளத்தாக்கு ஈயத்தால் வளர்ந்தது. நம் முன்னோர் ‘ஈயலம்பம்’ என்று அழைத்த சுரங்கங்களில் மண்ணைக் கழுவி ஈயத்தை எடுத்த பின் எஞ்சும் கனமான மணலுக்கு ‘அமாங்’ என்று பெயர். அதனுள் மோனசைட்டு என்னும் கனிமம் உண்டு. கன்னியாகுமரி மாவட்டத்து மணவாளக்குறிச்சிக் கடற்கரை மணலிலும் இதே கனிமம் கிடைக்கிறது. மோனசைட்டிலிருந்து, மின்னணுத் தொழிலுக்கும் வண்ணத் தொலைக்காட்சித் திரைக்கும் வேண்டிய அருமண் தனிமங்களைப் பிரித்தெடுக்கலாம். பிரித்தெடுத்த பின் எஞ்சுவது தோரியம் அடங்கிய கழிவு.

இந்த வேலைக்காக ஏஷியன் ரேர் எர்த் என்னும் நிறுவனத்தின் ஆலை 1982இல் புக்கிட் மேராவில் இயங்கத் தொடங்கியது. அருகில் மக்கள் குடியிருந்தனர். கழிவைப் பாப்பான் என்னும் சிற்றூரின் அருகே வைக்கத் திட்டமிட்டபோது 1984இல் அவ்வூர் மக்கள் எதிர்த்துக் கிளர்ந்தெழுந்தனர். 1985இல் புக்கிட் மேரா மக்கள் எண்மர் நீதிமன்றத்தை நாடினர். ஈப்போ உயர் நீதிமன்றம் 1992இல் மக்கள் சார்பாகத் தீர்ப்பளித்தது; 1993இல் உச்ச நீதிமன்றம் அத்தீர்ப்பை மாற்றியது; 1994இல் நிறுவனம் ஆலையை மூடிவிட்டது. வழக்கின் சட்ட நுணுக்கங்களுள் நாம் நுழையவில்லை. அதன் பின் நடந்ததே நம் பொருளுக்கு உரியது. ஆலை இருந்த இடத்தை இடித்து, மாசுபட்ட மண்ணை அகழ்ந்தெடுத்து, கழிவைக் கிளேடாங் மலைப்பகுதியில் களிமண்ணுக்கும் கருங்கல்லுக்கும் அடியில் புதைக்கும் பணி பல ஆண்டுகள் நீடித்தது. அதன் செலவு ஏறத்தாழ 10 கோடி அமெரிக்க டாலர். ஆலை ஓடியதோ பன்னிரண்டு ஆண்டுகூட இல்லை.

தோரியத்தின் அரையாயுட்காலம், அதாவது ஓர் அளவு தோரியத்தில் பாதி சிதைந்து வேறு தனிமங்களாக மாறுவதற்கு ஆகும் காலம், ஏறத்தாழ 1,400 கோடி ஆண்டு. புவியின் வயது 454 கோடி ஆண்டு. பேரண்டத்தின் வயதே 1,380 கோடி ஆண்டுதான். கதிரவனுக்கு எஞ்சியுள்ளது 500 கோடி ஆண்டு. கதிரவன் அவிந்த பின்னும் அந்தத் தோரியத்தில் பாதிக்கு மேல் மிஞ்சியிருக்கும். ‘சந்திராதித்தவல்’ என்று எழுதிய நம் முன்னோர் தம் சொல்லின் எல்லையை ஒரு பொருள் கடந்து நிற்கும் என்று கனவிலும் கருதியிருக்க மாட்டார்கள்.

இந்த எண்ணைச் சொல்லி அவையை அச்சுறுத்துவது நம் நோக்கமன்று. அரையாயுட்காலம் நீண்டது என்பதற்கு, சிதைவு மிக மெதுவாக நிகழ்கிறது என்பதும் பொருளாகும். ஓர் எடைத் தோரியம் வெளிவிடும் கதிர்வீச்சு, அதே எடையுள்ள, விரைவில் சிதையும் தனிமங்கள் வெளிவிடுவதைவிட மிகக் குறைவு. மேலும் தோரியம் மனிதர் படைத்ததன்று. மலையிலும் மணலிலும் முன்பே இருந்தது. ஆனால் அது அங்கே சிதறிக் கிடந்தது. நாம் அதைத் திரட்டி, வேதிப்பொருள்களுடன் கலந்து, ஊருக்கு அருகே குவித்தோம். சிதறிக் கிடந்தபோது அதற்குக் காவலர் தேவைப்படவில்லை. குவித்தபின் தேவைப்படுகிறார். அணு உலைகளில் உண்டாகும் புளுட்டோனியத்தின் நிலை இன்னும் கடுமையானது. அதன் அரையாயுட்காலம் ஏறத்தாழ 24,000 ஆண்டு. அது பெரும்பாலும் மனிதர் கையால் உருவானது. அது இங்கே இருப்பதற்கு முழுப் பொறுப்பும் மனிதருடையதே.

ஆகவே, தொலைதூர எதிர்காலத்தைப் பற்றிக் கவலைப்பட வேண்டுமா என்னும் வினா, ‘மனம் இருந்தால் செய்யலாம்’ என்னும் தருமத்தைப் பற்றியது அன்று. கொடை கொடுப்பதும் கொடாததும் அவரவர் விருப்பம். கடன் அப்படியன்று. கடன் வாங்கியவர், கடன் கொடுத்தவர் இன்னும் பிறக்கவில்லை என்று சொல்லித் தப்ப முடியுமா?

தப்பும் வழிகள்

முடியும் என்போர் உள்ளனர். அவர்களுடைய வாதங்களை எள்ளி நகைப்பது நேர்மையாகாது.

பொருளியலில் வருங்காலப் பயனை ஆண்டுதோறும் ஒரு விழுக்காட்டின்படி குறைத்து மதிப்பிடும் முறை உண்டு. வணிகத்தில் இது இயல்பானது; இன்று கையில் உள்ள நூறு வெள்ளி அடுத்த ஆண்டு வரும் நூறு வெள்ளியைவிட மதிப்புடையது. ஆனால் இதே கணக்கை உயிர்களின் மேல் ஏற்றிப் பார்க்க வேண்டும். ஆண்டுக்கு 5 விழுக்காடு குறைத்தால், நூறு ஆண்டுகளுக்குப் பின் வாழும் 131 பேர் இன்று வாழும் ஒருவருக்குச் சமம். ஐந்நூறு ஆண்டு சென்றால், ஏறத்தாழ 3,900 கோடிப் பேர் இன்றைய ஒருவருக்குச் சமமாவர். இன்றைய உலக மக்கள் தொகையே 800 கோடியைச் சற்றுக் கடந்ததுதான். கணக்கில் பிழை இல்லை. கணக்கைப் பயன்படுத்திய இடத்தில்தான் பிழை. கேம்பிரிட்ஜ் அறிஞர் பிராங்க் ராம்சி 1928இல் எழுதிய கட்டுரையில், பின்வருவோரின் இன்பத்துக்குக் காலம் பிந்தியது என்ற ஒரே காரணத்தால் குறைந்த மதிப்பளிப்பது அறத்துக்கு ஒவ்வாதது என்றும், கற்பனை வலுவின்மையே அதற்குக் காரணம் என்றும் கருதினார். அவர் தம் இருபத்தேழாம் அகவையை எட்டுமுன் மறைந்தவர்.

இரண்டாம் வாதம் இதைவிட நெஞ்சைத் தொடுவது. இன்று பசியோடு இருப்பவரை விட்டுவிட்டுப் பதினாயிரம் ஆண்டுக்குப் பின் வருவோரை எண்ணுவது ஈரமற்ற செயல் என்பது அது. பிறவாத கோடானுகோடிப் பேரைக் காட்டி, பிறந்து துன்புறுவோரை மறக்கச் செய்யும் பேச்சு நம் காலத்தில் உண்டு. அதனை நாமும் ஏற்கவில்லை. எனினும் புக்கிட் மேராவில் நிகழ்ந்ததை மீண்டும் எண்ணிப் பார்ப்போம். அங்கே நிகழ்காலமும் எதிர்காலமும் எதிரெதிர் அணிகளாக நின்றனவா? இல்லை. 1984இல் வீதிக்கு வந்த பாப்பான் மக்கள் தம் பிள்ளைகளுக்காகவே வந்தனர். பதினாயிரம் ஆண்டுகளுக்குப் பின் வருவோரைப் பற்றி அவர்கள் எண்ணியிருக்கத் தேவையில்லை. ஆனால் அவர்கள் கேட்ட கேள்விகள் யாவை? இந்தக் கழிவு எங்கே வைக்கப்படும், எதனுள் வைக்கப்படும், யார் காப்பார் என்பனவே. தொலைவில் உள்ளோர் கேட்கக்கூடிய கேள்விகளும் அவையே. இன்று அருகிலிருப்பவரின் குரலைக் கேளாத ஒருவர், தொலைவில் உள்ளோர்க்கு நன்மை செய்வார் என்று நம்புவதற்கு நமக்குக் காரணம் தெரியவில்லை.

மூன்றாவதாக, பின்வருவோர் நம்மைவிட அறிவு மிக்கவராய் இருப்பர். நாம் கழிவு என்பது அவர்க்குச் செல்வமாகலாம் என்பர். இது நடக்கக்கூடியதே. தோரியத்தை அணு எரிபொருளாக மாற்றும் திட்டத்தை இந்தியா ஓமி பாபா காலத்திலிருந்தே வளர்த்து வருகிறது. ஆனால் அது செல்வமாயினும் நஞ்சாயினும், எங்கே இருக்கிறது, என்ன அது என்னும் செய்தி அவர்களைச் சென்றடைய வேண்டும். செய்தி சென்றடையாவிட்டால் அவர்களுடைய அறிவால் பயன் இல்லை. மொழியைப் பற்றிப் பேசும் இந்த அவையில் இப்பொருளை எடுத்துக்கொண்டமைக்கு இதுவே காரணம்.

யார் படிப்பார்?

சிங்கப்பூர் ஆற்றின் முகத்தில் ஒரு காலத்தில் ஒரு பெரிய மணற்கல் நின்றது. 1819இல் அது கண்டறியப்பட்டபோது அதன் மேல் வரிவரியாக எழுத்துகள் இருந்தன. முன்ஷி அப்துல்லா தம் வரலாற்று நூலில், பல இனத்தாரும் வந்து பார்த்ததையும் எவராலும் படிக்க இயலாமற் போனதையும் பதிந்துள்ளார். 1843இல் ஆற்றுமுகத்தை அகலப்படுத்துவதற்காக அக்கல்லை வெடிவைத்துத் தகர்த்தனர். எஞ்சிய துண்டு ஒன்று இன்று சிங்கப்பூர்த் தேசிய அரும்பொருளகத்தில் உள்ளது. அதனை இதுவரை எவரும் முழுமையாகப் படித்தறியவில்லை. எழுதியவர் யாராயினும், கல்லைத் தேர்ந்தெடுத்ததால் அவர் நெடுங்காலத்தை எண்ணினார் என்று கொள்ளலாம். கல் நின்றது, படிப்பவர் தொடர் அறுந்தது. படிக்க முடியாத கல், வேலைக்கு இடையூறான கல்லாகிவிட்டது.

தமிழுக்கும் இத்தகைய அறுபடல் நேர்ந்தது என்பதை நாம் மறத்தலாகாது. மதுரைக்கு அருகில் மாங்குளம் மலைக்குகையில் உள்ள எழுத்துகளை ராபர்ட் சிவெல் 1882இல் கண்டார். அவை தமிழ் என்பது 1924இல் கே. வி. சுப்பிரமணிய ஐயரின் ஆய்வால்தான் தெளிவாயிற்று. மொழி அழியவில்லை; அதனைச் சுற்றிலும் மக்கள் தமிழே பேசிக்கொண்டிருந்தனர். இருந்தும் ஏறத்தாழ இரண்டாயிரம் ஆண்டு முந்திய தமிழைத் தமிழரே படிக்க இயலாத நிலை இருந்தது. எழுத்து வடிவம் மாறிக்கொண்டே வந்தது. பழைய வடிவத்தைக் கற்பிக்கும் வழக்கம் இடையில் நின்றுவிட்டது.

அமெரிக்காவில் இதே வினா 1980களில் அரசின் முன் நின்றது. அணுக்கழிவு புதைக்கப்பட்ட இடத்தைப் பதினாயிரம் ஆண்டுகளுக்குப் பின் வருவோர்க்கு எவ்வாறு எச்சரிப்பது? குறியியல் அறிஞர் தாமஸ் செபியோக் 1984இல் அளித்த அறிக்கையில், பதினாயிரம் ஆண்டைத் தாண்டும் ஒரே செய்தியை எழுத இயலாது. காலத்தைச் சில தலைமுறைகள் கொண்ட சிறு பகுதிகளாகப் பிரித்து, ஒவ்வொரு பகுதியினரும் அடுத்தவர்க்குப் புரியும் மொழியில் மாற்றி எழுதித் தர வேண்டும் என்றார். உத்தரமேரூர்ச் சபையார் கேட்டிருந்தால் வியந்திருக்க மாட்டார்கள். ஆனால் இப்பணியை அறிஞர் குழு ஒன்று, குருமார் மரபு போலத் தனக்குள் காத்துவர வேண்டும் என்னும் அவர் யோசனையை நாம் ஏற்க இயலாது. சிலர் கையில் மட்டும் இருந்த அறிவுக்கு என்ன நேரும் என்பதை உ. வே. சாமிநாதையர் ஊர் ஊராகச் சுவடி தேடி அலைந்த வரலாறு நமக்குக் கற்பித்துள்ளது. ஊர் முழுதும் அறிந்த அறிவே எளிதில் அழியாதது.

நியூ மெக்சிகோ மாநிலத்தில் 1999இல் கழிவை ஏற்கத் தொடங்கிய நிலத்தடிக் கிடங்குக்கான எச்சரிக்கைக் கற்கள், ஐக்கிய நாட்டு அவையின் ஆறு மொழிகளிலும் அவ்வட்டாரப் பழங்குடியினரின் நவாகோ மொழியிலும் அமையும் எனத் திட்டமிடப்பட்டுள்ளது. உலகப் பெருமொழிகளோடு அந்த மண்ணின் மொழிக்கும் இடம் தந்தது அறிவுடைமை. அந்த இடத்தின் அருகே வாழப்போகிறவர்கள் யார் என்று கருதிப் பார்த்தே அவ்வாறு செய்தனர்.

பதினாயிரம் ஆண்டு இருக்கட்டும். பிரேசில் நாட்டின் கோயானியா நகரில் கைவிடப்பட்ட ஒரு மருத்துவக் கட்டடத்தில் விடப்பட்டிருந்த கதிர்மருத்துவக் கருவியை 1987இல் பழைய இரும்பு சேர்ப்போர் எடுத்துச் சென்றனர். உள்ளே நீல ஒளி வீசிய சீசியத் தூளை உறவினருக்கும் அண்டை வீட்டாருக்கும் அன்பளிப்பாகப் பகிர்ந்தனர். நால்வர் இறந்தனர், 249 பேர் மாசுக்கு உள்ளாயினர். அந்த இடம் கைவிடப்பட்டு ஏறத்தாழ இரண்டு ஆண்டுகளே ஆகியிருந்தன. நகர் மாறவில்லை, மொழி மாறவில்லை, எழுத்து மாறவில்லை. ஒருவரிடமிருந்து அடுத்தவருக்குச் செய்தி ஒப்படைக்கப்படவில்லை என்பது ஒன்றே குறை. தொலைதூர எதிர்காலம் என்று நாம் அஞ்சுவது, இத்தகைய ஒப்படைப்புகள் பல நூறு அடுத்தடுத்து நிகழ வேண்டும் என்பதைத்தான். இருபத்தைந்து ஆண்டை ஒரு தலைமுறையாகக் கொண்டால், பதினாயிரம் ஆண்டுக்கு நானூறு தலைமுறை. முந்நூற்றுத் தொண்ணூற்றொன்பதாவது ஒப்படைப்பைப் பற்றி நம்மால் ஒன்றும் செய்ய இயலாது. முதலாவது நம் கையில் உள்ளது.

தாய்லாந்தின் தென்பகுதியில் உள்ள தக்குவாபாவில் 9ஆம் நூற்றாண்டுத் தமிழ்க் கல்வெட்டு ஒன்று கிடைத்தது. கடல் கடந்து வந்த தமிழ் வணிகர் வாழ்ந்த இடம் அது. ‘அவனிநாரணம்’ என்னும் பெயருடைய குளம் ஒன்று தோண்டப்பட்டதையும், அது மணிக்கிராமத்தார், சேனாமுகத்தார் ஆகியோரின் பாதுகாப்பில் விடப்பட்டதையும் அச்சிதைந்த கல் தெரிவிக்கிறது. குளம் வெட்டியதோடு அவர்கள் நிறுத்திக்கொள்ளவில்லை. அடைக்கலம் ஏற்போர் யார் என்பதையும் எழுதினர். அந்த வணிகக் குழுக்கள் மறைந்துவிட்டன. நாற்பத்தைந்து தலைமுறைக்குப் பின் நாம் அக்கல்லின் சொற்களைப் படிக்கிறோம் என்றால், அது கல்லின் உறுதியால் மட்டும் நிகழவில்லை. இடைப்பட்ட காலம் முழுவதும் எங்கோ ஓரிடத்தில் ஒரு தாயோ ஆசிரியரோ ஒரு குழந்தைக்குத் தமிழ் கற்பித்துக்கொண்டே இருந்தனர்.

அண்மைக்கு வருவோம். சிங்கப்பூர் தன் கரையோரத்தைக் கடல்மட்ட உயர்விலிருந்து காப்பதற்கு நூறு ஆண்டுகளில் 10,000 கோடி வெள்ளியோ அதற்கு மேலோ தேவைப்படலாம் என்று 2019ஆம் ஆண்டுத் தேசிய தினப் பேரணி உரையில் பிரதமர் அறிவித்தார். அத்தொகையைச் செலவிடப் போகிறவர்களுள் பெரும்பாலோர் இன்னும் பிறக்கவில்லை. அரசுகள் இவ்வாறு எண்ணத் தொடங்கியிருப்பது நன்று. ஆனால் கடற்சுவர் கண்ணுக்குத் தெரிவது. அதன் பழுதும் கண்ணுக்குத் தெரியும். மலைக்குள் புதைத்தது அப்படியன்று. புல் முளைத்து மூடிய பின் அது வெறும் மலை.

புக்கிட் மேரா ஆலை தொடங்கிய 1982ஆம் ஆண்டில் அவ்வூரில் பிறந்த குழந்தை இன்று நாற்பது அகவையைக் கடந்தவர். அவருக்குப் பிள்ளைகள் இருப்பின், அவர்கள் இன்று இடைநிலைப்பள்ளியில் பயிலும் பருவத்தினர். 1,400 கோடி ஆண்டு என்னும் எண்ணின் முதல் தவணை அவர்களிடம் வந்து சேர்ந்துவிட்டது. கிளேடாங் மலையடியில் என்ன இருக்கிறது, அது ஏன் அங்கே வந்தது, அதனைத் தோண்டலாகாது என்பது ஏன் என்று அவர்களுக்கு எந்த வகுப்பில், எந்த மொழியில், யார் சொல்லப் போகிறார் என்பதை இந்த அவையில் உள்ள ஆசிரியர்களிடம் கேட்கிறோம். பேராக்கில் தமிழ்ப்பள்ளிகளும் உண்டு.